மூன்று நாய்களும் ஒரு ரப்பர் வாத்தும்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நம்மில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "எங்கூட்டு ரெண்டு நாயும் ஒரு பொம்மைக்கு அடிச்சுக்குது. என்ன பண்ணறதுன்னே தெரியல." பத்துப் பன்னிரண்டு பேர் சிரிப்பு முகம் போட்டீர்கள். ஒருவன் என்னைக் குறிப்பிட்டு, "உங்கூட்டுல ஒரு கருப்பு வெறிநாய் இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?" என்றான். நான் பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அது குழுவில் போடுகிற அளவில் இல்லை, நீண்டுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கருப்பன் வெறிநாய் இல்லை.

அன்று எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேல் உங்களில் நான்கு பேர் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ரத்தத்தைப் பார்த்ததும் அந்தப் பக்கம் குதித்து ஓடிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் எனக்குத்தான் தெரியும். முப்பத்தைந்து நெருங்குகிறது, காதோரம் நரைத்தாகிவிட்டது, இன்னும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நாம் ஏழாம் வகுப்புப் படித்த வருடம். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. எங்கள் வீடு மாடியில், கீழே அப்பாவின் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் தைத்து அனுப்பும் பனியன்களைப் பிரித்துப் பார்த்து, பிசிறு நூல் வெட்டி, அயர்ன் போட்டு, கவரில் மடித்து, பெட்டி கட்டித் திருப்பி அனுப்பும் இடம். பதினைந்து பேர் வேலை செய்தார்கள். நான் பள்ளிவிட்டு வரும்போது கேட்டிலேயே நீராவியும் சூடான துணியும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். பஞ்சு பறந்து பறந்து ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் வெள்ளை மீசை முளைத்திருக்கும்.

நாய்கள் மூன்று. செவலை எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்தது. கிழவி, ஒரு காது கிழிந்தது. கருப்பனை அப்பா தாராபுரத்திலிருந்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதற்குப் பால் புகட்டியது நான். பப்லு அம்மாவின் வெள்ளைப் பொமரேனியன். மாடியில் மெத்தையில் தூங்கும், சாயங்காலம் மட்டும் கீழே வந்து எல்லோரையும் அதிகாரம் பண்ணும்.

வேஸ்ட் துணியைச் சுருட்டி முடிச்சுப் போட்டால் பந்து. அப்படிப் பந்துகள் வாசலெங்கும் கிடக்கும். ஆளுக்கொன்றைக் கவ்விக்கொண்டு போய் மூன்றும் மூன்று மூலையில் கடித்துக்கொண்டிருக்கும். ஒன்றை இன்னொன்று பிடுங்கினால்கூட, பறிகொடுத்தது வேறொரு பந்தைத் தேடிப் போய்விடும். எங்கள் வீட்டு நாய்களுக்குச் சண்டை போடத் தெரியும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு ஆர்டர் ஒன்று வந்தது. ஒவ்வொரு செட்டோடும் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை வைத்துக் கட்ட வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் வாத்து. அழுத்தினால் கீச்சென்று கத்தும். கண்ணின் மை கன்னம் வரைக்கும் வழிந்துவிட்ட ஒரு வாத்து தேறாது என்று ஒதுக்கப்பட்டது. அப்பா அதை எனக்குக் கொடுத்தார்.

ரப்பரும் பவுடரும் சேர்ந்த ஒரு மணம் அதற்கு. நான் அதை முதன்முதலில் வாசலில் நின்று அழுத்தியபோது மூன்று நாய்த் தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. மறுபடி அழுத்தினேன். மறுபடி திரும்பின. வகுப்பில் நான் எப்படிப்பட்ட பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். கடைசிப் பெஞ்சு, வாய் திறக்காதவள். நான் ஒன்று செய்து அதற்கு ஏதோ ஒன்று திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தூக்கிப் போட்டேன். கருப்பன் கவ்வியது. செவலை கிட்டே போனது. கருப்பன் அசையாமல் நின்றது, உடம்பு முழுக்க விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய. நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். பப்லு நடுவில் புகுந்து வாத்தின் வாலைப் பிடித்து இழுத்தது. அவ்வளவுதான். ஒரு நொடியில் மூன்றும் ஒரே உருண்டையாகிவிட்டன.

அம்மா மாடியிலிருந்து, "அய்யோ, எம்பப்லு!" என்று கத்தினார். அப்பா தடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கருப்பனை அடித்தார். அடி விழ விழ அதன் பிடி இறுகியது. அப்போது செக்கிங் மேசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து வந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்துதான் வந்தார். பிரித்துப் போட்ட பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, நாய்களுக்கு நடுவில் சுவர் மாதிரி இறக்கித் தள்ளினார். கருப்பனுக்குச் செவலை தெரியவில்லை. செவலைக்குக் கருப்பன் தெரியவில்லை. சண்டை நின்றுவிட்டது.

"அடிக்காதீய அண்ணே," என்றார் அப்பாவிடம். "அடிச்சா, அந்த வலியும் எதிர்ல நிக்க நாயாலதான் வருதுன்னு அது நெனைக்கும்."

அவரை நாங்கள் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடிப் பக்கம். கழுத்தில் கருப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. துணியை வெளிச்சத்தில் ஒரு புரட்டுப் புரட்டினால் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் அவர் கண்ணில் படும். அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அந்த இடத்தில் அழுத்துவார். மற்றவர்கள் ஒரு பனியன் பார்ப்பதற்குள் அவர் இரண்டு பார்த்திருப்பார். அவர் பெயர் சம்பளத் தாளில் இருந்திருக்கும். நான் ஒருநாளும் கேட்டதில்லை. மூன்று நாய்களின் பெயரும் சொல்கிறேன் பாருங்கள், அவர் பெயரைச் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா, அது கடிச்சிட்டு நிக்கும்போது அசையாம நின்னுச்சு பாத்தியா? அது வெளையாட்டு இல்ல. 'கிட்ட வராத'ன்னு சொல்லுது. நாயி வாயால சொல்லாது, ஒடம்பால சொல்லும்."

"அப்பறம் எதுக்குங்க்கா பந்துக்கு மட்டும் அடிச்சுக்கறதில்ல?"

"பந்துதான் வாசல் பூரா கெடக்கே. இது ஒண்ணுதான இருக்கு. கத்தவும் செய்யுது." வாத்தை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அயர்னிங் அறை அலமாரியின் மேல்தட்டில் கை நீட்டி வைத்தார். "இது இங்கனயே இருக்கட்டும்."

அந்த வாரத்திலிருந்து வீட்டு நடைமுறையே மாறியது. மூன்றும் அவிழ்ந்திருக்கும் நேரத்தில் வாசலில் ஒரு பந்துகூடக் கிடக்கக் கூடாது. சோறு மூன்றுக்கும் மூன்று இடத்தில், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி. வாயில் வைத்திருப்பதைப் பிடுங்கக் கூடாது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா டிபன் பாக்ஸிலிருந்து மீன் துண்டின் ஓரத்தைக் கிள்ளி எடுத்துக் கருப்பனிடம் காட்டுவார். அது பந்தை விட்டுவிட்டு மீனைத் தின்னும். தின்று முடித்ததும் பந்தை அதனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். "கை வந்தா புடுங்கத்தான் வருதுன்னு இது நெனச்சிட்டிருக்கு. குடுக்கவும் வரும்னு தெரியட்டும்." இதைத் தினமும் செய்தார். சலிக்காமல் செய்தார். ஒரு மாதத்தில், செவலை பக்கத்தில் படுத்திருக்கும்போதே கருப்பன் தன் பந்தைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் போட ஆரம்பித்தது.

இன்னொன்றும் சொன்னார், எங்கள் எல்லோரிடமும். "என்ன ஆனாலும் நடுவுல கைய மட்டும் விடாதீய."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது. பால் புகட்டி வளர்த்தவள் நான். இப்போது கருப்பன் நான் பள்ளிவிட்டு வரும்போது கேட்டுக்கு ஓடி வருவதில்லை. செக்கிங் மேசைக்கு அடியில் அக்காவின் செருப்பு மேல் தலை வைத்துப் படுத்திருக்கும். காதில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நான் கூப்பிட்டால் வாலை ஒருமுறை தரையில் தட்டும், எழாது.

வகுப்பில் நான் எங்கள் வீட்டு நாய்ச்சண்டையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சினிமாச் சண்டை மாதிரி இருக்கும் என்றேன். நீங்கள் நம்பவில்லை. "புளுகாதடி" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றேன்.

அந்த ஞாயிறு அவசர வேலை இருந்ததால் கம்பெனி ஓடியது. சாயங்காலம் நான்கு மணி, டீ வந்திருந்தது. எல்லோரும் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சுவர் மேல் ஏறி உட்கார்ந்தீர்கள். நான் அயர்னிங் அறைக்குள் போனேன். மேல்தட்டு எட்டவில்லை. பேக்கிங் முடிந்த ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, டின்னைத் திறந்து, வாத்தை எடுத்தேன். பயம் இருந்ததா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இல்லை. ஒரு குறுகுறுப்புத்தான் இருந்தது.

வாசலில் நின்று அழுத்தினேன். கீச். மூன்று தலைகள் திரும்பின. சுவர் மேல் நீங்கள் கை தட்டினீர்கள். கருப்பனுக்கும் செவலைக்கும் சரியாக நடுவில் பார்த்து எறிந்தேன்.

பிறகு நடந்ததில் பாதியை நீங்களே பார்த்தீர்கள். செவலை கிழவி, கருப்பனின் எடைக்குக் கீழே போய்விட்டது. அது போட்ட சத்தம் நாய்ச் சத்தம் மாதிரியே இல்லை. நான் நினைத்த சண்டை இது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாத்தை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். குனிந்து இரண்டு நாய்களுக்கும் நடுவில் கையை விட்டேன்.

யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள். என் கை வெளியே வந்தது. அந்த இடத்தில் அக்காவின் கை இருந்தது. அட்டை எடுக்க அவருக்கு நேரமில்லை.

கடித்தது எந்த நாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வலது கை, கட்டைவிரல் அடிப்பகுதி. எலும்பு தெரிந்தது. அக்கா கத்தவில்லை. உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று சுற்றி இருந்தவர்களிடம் கேட்டார்.

அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கருப்பனைக் கட்டினார்கள். வாத்து மண்ணில் கிடந்தது. அம்மா அதை எடுத்துப் பார்த்தார்.

"இது எப்படி வெளிய வந்துது? ஆரு எடுத்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவர் காலியாக இருந்தது.

"அக்காதானுங்மா," என்றேன். "நாய்க்குக் குடுக்கறேன்னு எடுத்தாங்க."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. சரியாகக் கேட்கவில்லை என்பது போலப் பார்த்தார்.

"நான் எடுக்கலக்கா," என்றார் அம்மாவிடம். "நான் பின்னால டீ குடிச்சிட்டுல்லா இருந்தேன். பாப்பாட்டயே நல்லாக் கேளுங்க."

அம்மா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "கண்ணு, நெசமாச் சொல்லு. ஆரு எடுத்தா?"

இரண்டாவது தடவை கேட்டார் அல்லவா, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம், பன்னிரண்டு வயது. இரண்டாவது தடவை எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அக்காவின் கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்காதான்."

"எம்புள்ள பொய் சொல்லாது," என்றார் அம்மா. "நாய்க்கு மீனப் போட்டு, பந்தப் போட்டுப் பழக்குனதே நீதான அம்மிணி. இப்ப எங்குழந்தை கை போயிருக்குமே!"

அப்பா அக்காவை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தையல் போட்டார்கள், ஊசிகள் போட்டார்கள். புண் ஆறியது, கட்டைவிரல் மடங்கவில்லை. செக்கிங்கில் கட்டைவிரல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. துணியைப் புரட்டவும் அதுதான், கத்தரி பிடிக்கவும் அதுதான். இரண்டு வாரம் வந்து இடது கையால் கவர் போட்டார். பிறகு அப்பா, "ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கருப்பனையும் அதற்கு மறுநாளே அனுப்பியாகிவிட்டது. காங்கேயம் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் காவலுக்கு என்றார்கள். செவலை கிழவி, பப்லு வெள்ளை. பெரிதாகவும் கருப்பாகவும் இருந்தது அது ஒன்றுதான்.

அக்கா தன் டிபன் பாக்ஸையும் கத்தரியையும் எடுத்துப்போக ஒருநாள் வந்தார். நான் பள்ளியிலிருந்து வந்து கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன். கையில் கட்டு இல்லை. விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"கருப்பன எங்கன பாப்பா காணும்?"

"காங்கேயத்துக்கு அனுப்பிட்டாங்க."

அவர் செக்கிங் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், நான் சொன்னதை நம்பாதவர் மாதிரி. "அது என்ன செஞ்சிச்சு?" என்றார். கண் கலங்கிவிட்டது. தன் கைக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. "அம்மா இருக்காவளா? ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

அம்மா மாடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியும்.

"தூங்கறாங்க," என்றேன்.

சற்று நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். பிறகு, "செவலைக்குத் தனியா வச்சே சோறு போடு, என்ன," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அப்பா அந்த எண்ணெய் மில்லின் முன்னால் வண்டியை நிறுத்தினார். நான் கேட்கவில்லை, அவராகவே நிறுத்தினார். உள்ளே களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. இனிப்பும் சிக்குமாக ஒரு வாசனை. கருப்பன் மற்ற நாய்களோடு நிழலில் படுத்திருந்தது. நடுவில் பத்திருபது தேங்காய் மட்டைகள், ஆளுக்கொன்று கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தது. என் கையை முகர்ந்தது, உடம்பையே வளைத்து வளைத்து ஆடியது, முகத்தை நக்கியது. என்னால் அதைத் தொட முடியவில்லை.

வாட்ச்மேன் அப்பாவிடம், "தங்கமான நாயிங்க. நாலு நாயோட ஒண்ணாக் கெடக்குது, ஒரு சண்டை இல்லீங்க. என்னத்துக்குங்க குடுத்தீங்க?" என்றார்.

அப்பா வண்டிச் சாவியை எடுத்தார்.

இதெல்லாம் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கம்பெனியை மூடி அந்த இடத்தை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டாகிவிட்டது. அம்மா இல்லை. அப்பா என்னோடு இருக்கிறார். போன வாரம் நீங்கள் 'வெறிநாய்' என்று எழுதியதைப் படித்த அன்று காலையில், அவருக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். வாத்தை எடுத்தது நான்தான், அக்கா இல்லை என்று. சொல்லும்போது குரல் பன்னிரண்டு வயதுக் குரலாகிவிட்டது.

அப்பா டம்ளரை வைத்தார். "தெரியுங் கண்ணு," என்றார்.

"எப்பங்ப்பா?"

"அன்னைக்கேதான். அலமாரிக்குக் கீழ பெட்டி கெடந்துதே. அந்தப் பொண்ணுக்கு எட்டும். அதுக்கெதுக்குப் பெட்டி?"

தெரிந்தும் ஏன் அக்காவை அனுப்பினீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பாவே சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"ஊருக்குப் போயி மூணு தடவ போன் பண்ணுச்சு. வெரலு கொஞ்சம் மடங்குதுங்கண்ணே, கவர் போடற வேலையாவது குடுங்கன்னு. ஆளு வேணும், நெம்ப நெருக்கடி அப்ப. இருந்தும் வேலை இல்லைன்னுட்டேன்."

"ஏனுங்ப்பா?"

"வந்தா தெனமும் உன்னையப் பாக்குமல்ல."

அக்காவின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். அப்பா வெகுநேரம் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். அவருக்கும் வரவில்லை.